கேந்திச் செடிக்குத் தகரப் பாவாடை

எங்கள் தீவில் ஜங்லிகாட் கரையிலிருந்து முருகன் கோயிலுக்கு ஏறிப்போகிற வழியில் ஒரு வீடு இருக்கிறது. முன்னறை ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே கண்ணாடி அலமாரி தெரியும். அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை தெரியும். அது என் கோப்பை. அதில் என் பேர் இல்லை, என் கை அதன்மேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை, ஆனாலும் என் கோப்பைதான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வயிறு ஒரு தடவை எரியும். அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் குளிர்ந்தும் விடும். எரிவது எதனால், குளிர்வது எதனால் என்று எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு சரி. விளக்கேற்றிக் கந்தனைக் கும்பிடாமல் காலையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அவன் படத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடந்ததைக் கூட்டிச் சொல்லவில்லை. கோபத்தைக் குறைத்தும் சொல்லவில்லை.

கல்யாணமாகிக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் படகு ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். பேச்சு குறைவு, கை மட்டும் ஓயாது. வைகாசியில் பிடிக்கிற மழை கார்த்திகை வரைக்கும் விடாத ஊர் இது. உப்பு ஜாடியில் வைத்த உப்பு தண்ணீராக ஓடும். தீக்குச்சி உரசினால் மருந்து பிய்த்துக்கொண்டு வரும், நெருப்பு வராது. சாமி விளக்கேற்ற முடியாமல் ஒருநாள் நான் அழுதுவிட்டேன். மறுநாள் அவர் அரிக்கேன் விளக்கின் தலைப்பக்கம் ஒரு சின்னத் தகரப் பையைப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். தீப்பெட்டி அதற்குள் இருக்கும். விளக்குச் சூட்டில் குச்சி எந்நேரமும் மொறுமொறுவென்று இருக்கும். கூரைத் தண்ணீர் பிடிக்கிற பீப்பாய்க்கு இன்னொன்று செய்தார். வலைக்குக் கட்டுகிற மிதப்புக்கட்டை ஒன்றைப் பீப்பாயில் போட்டு, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கரண்டி. தண்ணீர் நிறைந்ததும் கரண்டி தட்டில் விழுந்து டிங் என்று அடிக்கும். நான் பூஜையில் இருக்கும்போது அது அடித்தால் என் மகள் சாமிக்கு மணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அந்த மகளுக்கு ஓர் ஆடி மாதம் குளிர்காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரி மருந்து உள்ளே போனது, வாந்தியாக வெளியே வந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டேன். "முருகா, பிள்ளையை எனக்கு விட்டுக்கொடு. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு என் கையால் வளர்த்த பூவால் பூக்காவடி எடுக்கிறேன்." காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கஞ்சி கேட்டது. அன்று சாயந்திரமே போய்ப் பூசாரியிடம் சொன்னேன். "சரிம்மா, வர்ற வருஷம் பூக்காவடி ஒங்களுது" என்றார்.

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பூக்கடைக்குப் போனால் முழம் முழமாக வாங்கலாம். இங்கே கப்பலில் வெங்காயம் வரும், உருளைக்கிழங்கு வரும், பூ வந்தால் அழுகித்தான் வரும். அதனால் எங்கள் கோயிலில் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் பால்குடம். அந்த ஒரு காவடி யாருக்கு என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். மழைக்காலத்தில் பூக்கிற பூ என்று பார்த்தால் கேந்திதான், சிலர் துலுக்கச் செவ்வந்தி என்பார்களே, அது. பக்கத்துக் கராச்சர்மா ஊரில் ஒரு பெங்காலி அம்மாள் சேலை முந்தியில் முடிந்து விதை கொடுத்தாள். தொட்டியில் போட்டேன். முளைத்தது. சாண் உயரம் வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வெறும் ஈர்க்குச்சியாக நின்றது.

நத்தை. ஊர் நத்தையை நினைக்காதீர்கள். இது குழந்தையின் கை முஷ்டி பருமன், சிலது அதற்கும் மேல். ஜப்பான்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், ஜப்பான் நத்தை என்றுதான் பேர். மழை தொடங்கினால் சுவரில், கதவில், அம்மிக்கல்லில் எங்கும் ஏறும். கேந்தி இலை என்றால் அதற்கு விருந்துச் சாப்பாடு.

சாம்பல் கொட்டினேன், மழை கரைத்தது. சுண்ணாம்பு போட்டேன், அதையே நக்கித் தின்றது. ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமாம் அதற்கு. உப்பைச் சுற்றிலும் போட்டேன், உப்பு கரைந்து வேருக்குப் போய்ச் செடி செத்தது. கையில் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேன். எறிந்தது எல்லாம் திரும்பி வந்தது என்றே நினைக்கிறேன். ஒவ்வொன்றும் தின்றது இலையை இல்லை, நான் சாமிக்குக் கொடுத்த வாக்கை. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது.

ஒருநாள் அடுக்களையில் உட்கார்ந்து பலகாரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நாலு காலும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க எல்லார் வீட்டிலும் செய்வதுதான்.

"ஏங்க, பூந்தொட்டியை இப்பிடித் தண்ணிக்குள்ள நிறுத்துனா என்ன?"

"நத்தை நீந்தி வந்துரும். அது என்ன எறும்பா?" என்றார்.

சொன்னது சரி. அகலத் தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, கல்மேல் தொட்டியை வைத்தோம். நத்தை தண்ணீரில் இறங்கிக் குளித்துவிட்டுத் தொட்டியில் ஏறியது. அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. சுற்றிலும் கடல் கிடக்கிறது, குழாய்த் தண்ணீர் எதற்கு? அவர் வேலை முடிந்து வரும்போது ஒரு டின் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அதில் ஒரு கை கல்லுப்பும் சேர்த்துக் கலக்கினேன். நத்தை தட்டின் விளிம்பு வரை ஏறியது. கொம்பை நீட்டித் தண்ணீரைத் தொட்டது. சுருக்கென்று இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பியது. நான் கைதட்டினேன். அன்றைக்குப் பெய்த மழையில் தட்டு நிரம்பி வழிந்து உப்பு போயிற்று. கைதட்டல் வீண்.

பாவாடை அவருடைய யோசனை. மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து, வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, தொட்டியின் கழுத்தில் மாட்டினார். ஓட்டையைச் சுற்றிப் படகுக்குப் பூசுகிற தாரால் அடைத்தார். பாவாடை தட்டைவிட அகலம். மேலே விழுகிற மழை வழிந்து தட்டுக்கு வெளியே விழும். உள்ளே உப்புத்தண்ணீர் அப்படியே இருக்கும். முதல் பாவாடை தாழ்வாகப் போய்விட்டது. தட்டின் விளிம்பில் நின்று ஒரு நத்தை உடம்பை நீட்டிப் பாவாடை ஓரத்தைப் பிடித்துவிட்டது. பள்ளிப் பிள்ளை பஸ்ஸில் தொற்றுகிற மாதிரி. ஒரு சாண் தூக்கிக் கட்டினோம். அதற்குப் பிறகு ஒன்றுகூட ஏறவில்லை. மிச்ச விதையையும் போட்டு வரிசையாகத் தொட்டி வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாவாடை. செடி கிளைத்தது. மொட்டு விட்டது. சாமி படத்துக்கு முதல் பூ வைத்த அன்று, என் வீட்டுக்காரர் பாவாடையைத் தட்டிக் காட்டி, "சாமிக்கு இல்ல, மொத மரியாதை இதுக்கு" என்றார். நான் வாயில் அடித்துக்கொண்டேன்.

இனிமேல் அவள் வருகிறாள். காண்ட்ராக்டர் வீட்டு அக்கா என்போம். புருஷன் ஜெட்டி, அதாவது படகுத்துறை கட்டுகிற, ரோடு போடுகிற காண்ட்ராக்டர். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். எங்கள் ஜில்லாக்காரர்கள்தான். அவளுக்கு ஒரு பழக்கம். தெருக்குழாயில் நாங்கள் பிடித்து முடித்ததும், சொந்தச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குழாயின் மூக்கைக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பாள். கப்பலில் வரும்போது எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீர் குடித்துத்தான் வந்தோம். கரை இறங்கியதும் அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கோயில் பந்தியில் உட்கார்ந்தாலும் டம்ளரை உதட்டில் வைக்க மாட்டாள். அண்ணாந்து, முழ உயரத்திலிருந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வாள். ஒரு சொட்டு சிந்தாது. அந்தத் திறமையை நான் மறுக்க முடியாது.

கார்த்திகை மாதம் எங்கள் வீட்டு முன்னால் நின்றாள்.

"ஏட்டி, இது என்னது? செடிக்குப் பாவாடை கட்டி விட்டிருக்க? அடுத்து ஜாக்கெட் தைப்பியோ?"

"நத்தைக்குக்கா. உள்ள வாங்க. காப்பி போடுதேன்."

"வேண்டாம் வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்."

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லா நாளும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பாள். குனிந்து பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், சாண் உயரத்தை விரலால் அளந்தாள். தண்ணீரையும் பார்த்தாள். ஆனால் தொடவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆயிற்றே. நுனிவிரலை விட்டு நாக்கில் வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

தை மாதம் பிறந்தபோது அவள் வீட்டு முன்னால் வரிசையாகப் பூந்தொட்டிகள். எல்லாவற்றுக்கும் பாவாடை. பச்சைப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, கண்ணைப் பறித்தது. மாசியில் சர்க்கார் நடத்திய பூக்காட்சிக்கு அந்தத் தொட்டிகள் லாரியில் போயின. ஆபீசர் வீட்டு அம்மாக்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நானும் வீட்டுக்காரரும் மகளைக் கூட்டிக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். முதல் பரிசாக அந்த வெள்ளிக் கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "எங்க வீட்ல நாங்களே ரோசிச்சுச் செஞ்சது. நத்தை தொல்லை தாங்கலேல்லா, அதான்."

மாசி மாதத்தில் நத்தை எங்கே இருக்கிறது? வெயில் காலத்தில் அது ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கல்லுக்கடியில் தூங்கும். தட்டில் என்ன இருக்கிறது, அது வேலை செய்யுமா என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. கோப்பை பெயிண்டுக்குக் கிடைத்தது.

அவள் படியிறங்கி வரும்போது என் வீட்டுக்காரர், வாயே திறக்காத மனுஷர், முன்னால் போய்ச் சொன்னார்: "யம்மா, அது நாங்க செஞ்சதுல்லா?"

அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு டின்னை வெட்டுனதுக்கு ஒனக்குப் பட்டா எழுதிக் கொடுக்கணுமோ? தள்ளு, மேல படாத."

கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் சும்மா சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பி வரும்போது அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.  அன்றைக்கு நான் சாமி முன்னால் உட்கார்ந்து, எல்லாருக்கும் நல்லது செய் என்று எப்போதும் வேண்டுகிறதை வேண்டவில்லை. "சூரனைக் கொன்னியே, இவளை மட்டும் எதுக்கு விட்டு வச்சிருக்க?" என்று கேட்டேன்.

அதற்கு மேலும் ஒன்று வந்தது. ஆனியில் கமிட்டிக் கூட்டம். இந்த வருஷம் பூக்காவடி தலைவர் வீட்டில் எடுக்கிறார்கள் என்று முடிவாயிற்று. அவள் புருஷனுக்குப் புது ஜெட்டி வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டுதலாம். நான் பூசாரியிடம் ஓடினேன்.

"சாமி, எனக்குன்னு சொன்னிங்களே."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கமிட்டிதாம்மா முடிவு பண்றது. நீங்க பால்குடம் எடுங்க. சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"சாமிக்கு ஒண்ணா இருக்கலாம். நான் சொன்ன வாக்கு ஒண்ணுதானே?"

அவர் தட்டோடு உள்ளே போய்விட்டார். பிள்ளைக்காகச் சொன்ன வாக்கு. அதைத் தவறவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? மகள் ஒரு தும்மல் போட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காவடி கிடைக்குமோ இல்லையோ, பூவை விடக் கூடாது என்று தினமும் தட்டுத் தட்டாக உப்புத்தண்ணீர் பார்த்து ஊற்றினேன்.

மழை பிடித்து இரண்டு மாதமாகியிருந்தது. நத்தைகள் எழுந்துவிட்டன. காண்ட்ராக்டர் வீட்டுப் பச்சைப் பாவாடைகளுக்கு அடியில் குழாய்த் தண்ணீர்தானே? நத்தை இறங்கியது, குளித்தது, ஏறியது. அவள் கூலியாட்களை விட்டுப் பொறுக்கினாள். பாதிச் செடி போய்விட்டது. என் வீட்டில் கேந்தி தட்டுத் தட்டாகப் பூத்து, சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவளும் ஒருநாள் நின்று பார்த்தாள். வாயைத் திறந்து என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டிருந்தால் அன்றைக்கும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. வேறு வேலை செய்தாள்.

மலேரியா பாபு வந்தார். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக் கவிழ்த்துவிடுகிற சர்க்கார் ஆள். இங்கேயே பிறந்து வளர்ந்த லோக்கல். ஹிந்திதான் பேசுவார், எங்களோடு பேசும்போது நாலு தமிழும் போடுவார். கையில் டார்ச்சும் நீளக் கரண்டியும்.

"தீதி, ரிப்போர்ட் ஆயா ஹை. நீ பானி ஜமா பண்ணி மச்சர் வளர்க்கிறேன்னு." நான் தண்ணீரைத் தேக்கிக் கொசு வளர்க்கிறேன் என்று புகாராம்.

"யார் பாபு சொன்னது?"

"படா கர்." பெரிய வீடு. அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

"இது சமுந்தர் பானி பாபு, கடல் தண்ணி. உப்பு. மச்சர் நஹி ஆயேகா."

அவர் சிரித்தார். "தீதி, இந்த ஊர்ல உப்புத் தண்ணியிலயும் மச்சர் பிறக்கும். மாலூம் நஹி, தெரியாதா?"

 எல்லாத் தட்டையும் கவிழ்த்துவிட்டால் ஒரே நாளில் நத்தை முடித்துவிடும். கிருத்திகைக்கு இன்னும் சில நாள்தான். அவர் ஒவ்வொரு பாவாடையையும் தூக்கி, டார்ச் அடித்து, கரண்டியால் மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கந்த நாமம் சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு புழுகூட இல்லை. கடைசித் தட்டில் சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"அரே! அச்சார் போடுற உப்பு, ஊறுகாய் உப்பு! இதுல மச்சர் என்ன, மச்லி, மீன்கூட சாகும்." கரண்டியைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு தீதி இந்த ஜுகாட், இந்த ஐடியா. வேற யார் வச்சிருக்காங்க?" என்றார்.

நான் மோவாயை மட்டும் தூக்கி மேட்டுப் பக்கம் காட்டினேன். பச்சைப் பாவாடைகள் மழையில் கழுவிப் பளபளவென்று தெரிந்தன.

வாசலில் நின்றே பார்த்தேன். அவள் வெளியே வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசியது கேட்டது. "நாங்க கப்பு வாங்குன வீடு! எங்களத் தெரியாதா ஒமக்கு?" அவர் முதல் பாவாடையைத் தூக்கினார். கரண்டியில் மொண்டதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். நெளிந்திருக்க வேண்டும். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். தகரம் படியில் மோதி உருளும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. எனக்கு நாதஸ்வரம் கேட்டமாதிரி இருந்தது. அன்று இரவு நத்தை பொறுக்க ஆள் இல்லை போலிருக்கிறது, மறுநாள் காலையில் அவள் தொட்டிகளில் குச்சிகள்தான் நின்றன.

ஆடிக் கிருத்திகை. பரணியன்று இரவிலிருந்து எனக்கும் விரதம், அவளுக்கும் விரதம். எங்கள் பக்கத்தில் கிருத்திகை விரதம் என்றால் உப்பை நாக்கில் படவிடக் கூடாது. பாலும் பழமும் உண்டு, தண்ணீர் உண்டு, உப்பு கிடையாது. காவடி எடுக்கிறவளுக்கு அது இன்னும் கண்டிப்பு. உப்பு பட்டால் விரதம் முறிந்தது, அந்த வருஷம் காவடி இல்லை.

நான் குளித்து ஈரத்தலையோடு பூப்பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். கூடப் பஜனைக் கோஷ்டிப் பெண்கள் இரண்டு பேர். கையில் காலிக் கூடை.

"என்ன, பூ பறிக்கியா? நல்லதாப் போச்சு. எங்க செடியெல்லாம் போயிருச்சு. காவடிக்குப் பூ வேணும். சாமி காரியம், இல்லைங்கக் கூடாது. ஒனக்கும் புண்ணியம்தான்."

நான் பூவைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஆமா, நீ அந்தத் தட்டுல என்னத்தத்தான் ஊத்துத? அந்த பாபு வேற ஒன்னய ஒரேயடியாப் புகழ்ந்துட்டுப் போறான்."

இவ்வளவு நாள் கழித்துக் கேட்டாள்.

"சொன்னா நம்ப மாட்டியக்கா. இருங்க, கொண்டாரேன். நாக்குல வச்சுப் பாருங்க. தெரிஞ்சுரும்."

அடுக்களை மூலையில் தட்டுகளுக்கு ஊற்றக் கரைத்து வைத்திருந்த டின் இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் மொண்டேன். தெளிந்த தண்ணீர், ஒரு தூசி இல்லை. கொண்டுவந்து நீட்டினேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பூக்கூடையைப் பார்த்தாள்.

"விரதம்லா," என்றாள்.

"தண்ணிதானேக்கா? பச்சைத் தண்ணிக்கு விரதம் கெடாது," என்று பஜனைப் பெண்களில் ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். "அதான் பூ குடுக்காகள்லா. ஒரு வாய் குடிச்சிருங்க."

நான் உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாக்கில் வைத்துப் பாருங்கள் என்றுதான் சொன்னேன், அது முழு உண்மை. உதட்டில் வைத்து ஒரு துளி உறிஞ்சுகிறவள் துப்பியிருப்பாள், வாய் கொப்பளித்திருப்பாள், அதோடு போயிருக்கும். என் வீட்டு டம்ளர் அவள் உதட்டில் படலாமா? அண்ணாந்தாள். முழ உயரத்துக்குத் தூக்கினாள். ஒரு சொட்டு சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றினாள்.

மடக் என்று ஒரு சத்தம். அப்புறம் வந்த சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. டம்ளர் உருண்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் என் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே படாதே என்றவள், மழைக்குச் சாணி மெழுகாத என் படியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, என்னக்கா?"

"உப்பு," என்றாள். "உப்புட்டி."

பஜனைப் பெண்கள் இரண்டு பேரும் வாயில் கை வைத்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "முழுங்கிட்டியளா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை. "கடல் தண்ணிக்கா. ஒரு கை கல்லுப்பும் உண்டு. போன கார்த்திகையில தொட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்," என்றேன். வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

உச்சிக்கு முன்னால் பூசாரி ஆள் அனுப்பினார். வந்தவன் கூச்சத்தோடு சொன்னான்: "பூவும் ஒங்ககிட்ட இருக்காம், விரதமும் ஒங்ககிட்ட இருக்காம். வந்து காவடியைக் கட்டச் சொன்னாங்க." கமிட்டித் தலைவர் அன்று கோயில் பக்கம் வரவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் மகளுமாகப் பூக்கட்டினோம். காவடி தண்டு தெரியாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக மூடினோம். மழை பொடியாகத் தூறியது. கீழே கரையிலிருந்து கிளம்பி, அரோகரா சொல்லிக்கொண்டு, ஏற்றத்தில் ஏறினோம். தோளில் பாரமே தெரியவில்லை. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நெற்றி குளிர்ந்திருந்தது.

அந்த வீட்டு வாசல் வந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அலமாரிப் பக்கம் அவள் நிற்பது தெரிந்தது. வழக்கமாகக் காவடி நிற்காத இடம் அது. நான் நின்றேன். உடுக்கைக்காரருக்குப் புரியவில்லை, ஆனாலும் நான் நின்றதால் அடித்தார். ஆடினேன். சுற்றிச் சுற்றி ஆடினேன். கேந்தி இதழ்கள் உதிர்ந்து அவள் படியில் விழுந்தன. பஜனைப் பெண்கள் குலவை போட்டார்கள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அப்புறம்தான் நகர்ந்தேன்.

அதற்கடுத்த மழையில் ஜங்லிகாட்டிலும் மின்னி பேயிலும் எத்தனையோ வாசலில் தகரப் பாவாடை வந்துவிட்டது. மலேரியா பாபுவே போகிற வீட்டில் எல்லாம் சொன்னாராம், அச்சார் உப்புப் போடுங்கள் என்று. யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டாம். கோப்பையும் அவளிடமே இருக்கட்டும்.

அன்று காவடியை இறக்கி வைத்துவிட்டு, பிரசாதம் வாங்கி, திரும்பி வரும் வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார்:

"ஏளா, அங்க எதுக்கு அவ்வளவு நேரம் ஆடுன?"

"சாமி வந்துச்சுங்க."

தோளை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். மகள் அவர் தோளில் தூங்கியிருந்தாள்.

"சாமி வாரதுக்கு அந்த வீட்டு வாசல்தான் கெடைச்சுதா?"

"ஆமா," என்றேன். "மாசியில இருந்து அவரை அந்த வீட்டுக்குத்தான கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."